ஆறில் ஒண்ணு

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் யாராவது கணக்கில் கோட்டை விட்டால், "என்ன, ஆறில் ஒண்ணா?" என்று கேட்பார்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அது ஒரு மனுஷியின் பட்டப்பெயர். வைத்தவள் நான்தான்.

அந்த அக்கா நல்லவள் என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. நல்லவர்களைப் பற்றி எழுதினால் எழுதுகிறவர்களுக்கும் கொஞ்சம் நல்ல பெயர் ஒட்டிக்கொள்ளும். அந்த லாபம் எனக்கு வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

எங்களுடையது பால்பவுடர் செய்கிற தொழிற்சாலை. அக்கா இருபத்தெட்டு வயதில் இங்கே வந்தாள். வெளியூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று உறுதியான மறுவாரம் வந்தாளாம். கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை. கண்ணாடிக் குழாய்கள் கழுவுகிற வேலை கொடுத்தார்கள். ஆறு வருஷம் அமிலத்திலும் வெந்நீரிலும் கழுவிக் கழுவி அவள் விரல் நுனியில் ரேகையே இல்லாமல் போய்விட்டது. பிறகு வாசலில் கைரேகை வைக்கிற மிஷின் வந்தபோது அது அவளை ஆளாகவே மதிக்கவில்லை. எத்தனை தடவை கட்டைவிரலை அமுக்கினாலும் சிவப்பு விளக்குதான் எரியும். அதனால் காவலாளி அவளுக்கு மட்டும் ஒரு நோட்டில் பெயர் எழுதி உள்ளே விடுவார்.

ஒருநாள் மேஜை வேலை பார்க்கிற ஆள் வரவில்லை என்று அவளைக் கூப்பிட்டு, சொட்டு அளந்து விடுகிற பிப்பெட்டைக் கையில் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்தவள்தான், பத்து வருஷம் கீழே வைக்கவில்லை. அவ்வளவு சுத்தமான கை. ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது. நான் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தபோது எனக்குக் குழாய் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். எனக்குக் கொழுப்புச் சத்து அளக்கிற மேஜை, அவளுக்குக் கிருமி எண்ணுகிற மேஜை. இரண்டு பேரும் தற்காலிகம். அவள் பதினாறு வருஷமாக, நான் நாலு வருஷமாக.

கிருமி எண்ணுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பவுடரில் இருக்கும் கிருமியை அப்படியே எண்ண முடியாது, கணக்கில் அடங்காது. அதனால் ஒரு பங்கு பவுடரை ஒன்பது பங்கு சுத்தமான நீரில் கலப்போம். இப்போது அது பத்தில் ஒன்று. அதிலிருந்து ஒரு பங்கை அடுத்த குழாயில் ஒன்பது பங்கு நீரில் விட்டால் நூறில் ஒன்று. மூன்றாவது குழாயில் ஆயிரத்தில் ஒன்று. அந்த மூன்றாவது குழாயிலிருந்து ஒரு மில்லியைத் தட்டில் ஊற்றி, மேலே கிருமி வளர்வதற்கான இளகிய அகர் கூழை ஊற்றி, சூட்டுப் பெட்டிக்குள் இரண்டு நாள் வைத்தால் ஒவ்வொரு கிருமியும் ஒரு புள்ளியாக வளர்ந்து நிற்கும். புள்ளியை எண்ணி ஆயிரத்தால் பெருக்க வேண்டும். ஃபாரத்தில் அது பத்து என்று போட்டு, அதன் தலையில் குட்டியாக ஒரு மூன்றுடன் அச்சாகியிருக்கும். அக்கா அந்தக் குட்டி மூன்றை நிமிர்ந்தே பார்த்ததில்லை. மூன்று குழாய், மூன்று பூஜ்யம், அவளுக்கு அது போதும்.

ஒரு நிரந்தர இடம் வந்தது. நிரந்தரமானவர்களுக்கு ஆலைக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு கிடைக்கும், வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். அக்கா சைக்கிள் கடை மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். ஒவ்வொரு குடம் தண்ணீரையும் முப்பத்தாறு படி ஏறித் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அவள் பெண் அப்போது பெரியவளாகி, அந்த ஒற்றை அறையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் அக்காவுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். மனதுக்குள் என்ன சொன்னேன் என்பது வேறு.

அந்தச் சமயத்தில்தான் புது அதிகாரி வந்தார். நாங்கள் அவரைப் புது சார் என்போம். வந்த முதல் வாரமே எல்லோரையும் உட்கார வைத்து வகுப்பு எடுத்தார். வெள்ளைப் பலகையில் ஒன்றின் கீழ் இரண்டு என்று எழுதி, அடைப்புக்குறி போட்டு, தலையில் குட்டி மூன்றைப் போட்டார். "பாதிக்கு அடுக்கு மூணு. எவ்வளவு? ஆளுக்கொரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். அக்காவின் தாளில் வந்து நின்றார்.

"ஆறில் ஒன்று!" என்று உரக்கப் படித்தார். "ரெண்டையும் மூணையும் பெருக்கிட்டாங்க. பத்து வருஷமா இவங்கதான் பெருக்கி ஊருக்கெல்லாம் பால்பவுடர் அனுப்பியிருக்காங்க. நம்ம உயிர் கெட்டி."

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு போயிருக்கும். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது நான் என் டப்பாவை நீட்டி, "அக்கா, இதுல ஆறில் ஒண்ணு எடுத்துக்குங்க, பாதியை மூணு தடவை எடுத்த மாதிரி" என்றேன். அறையே அதிர்ந்தது. அக்காவும் சிரித்தாள், வாயை முந்தானையால் மூடிக்கொண்டு. சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் பாக்கெட் போடுகிற இடம் வரை போய்விட்டது. ஒரு வாரத்தில் வாசல் காவலாளி தன் நோட்டில் அவள் பெயரை எழுதாமல் ஆ.ஒ. என்று எழுத ஆரம்பித்தார். கைரேகையும் இல்லை, இப்போது பெயரும் இல்லை.

இவ்வளவு செய்துவிட்டு எனக்கு ஒரு நாள் மனசு உறுத்தியது. குழாய் கழுவுகிற அறைக்குள் எதற்கோ போனேன். அக்கா கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, எங்கோ பழைய பேப்பர் கடையில் வாங்கிய ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பென்சிலால் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டதெல்லாம் தப்பு. என்னைப் பார்த்ததும் புத்தகத்தை முந்தானைக்குள் ஒளித்தாள். நாற்பதைத் தாண்டியவள் திருட்டுத்தனமாகப் படிக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையை நம்பி என்னை நல்லவள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

"அக்கா, மூணாவது டியூப்ல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆயிரத்துல ஒரு பங்கு."

"ஏன், முப்பதுல ஒரு பங்கு இல்லையா? பத்து, மூணு டியூப்பு. முப்பதுதானே?"

"போடி பைத்தியம். ஒவ்வொரு டியூப்லயும் திரும்பத் திரும்பப் பத்துல ஒண்ணு ஆவுது. பத்து, நூறு, ஆயிரம்."

"அதே மாதிரி பாதியை மூணு டியூப் தாண்ட விடுங்க."

அக்கா பென்சிலைக் காதில் செருகினாள். எழுந்து போய்க் கழுவி வைத்த குழாய்களில் மூன்றை எடுத்து வரிசையாக நிறுத்தினாள். விரலை முதல் குழாயில் வைத்தாள். "பாதி." அடுத்ததில் வைத்தாள். "பாதியில பாதி, கால்." மூன்றாவதில் வைத்தாள். "கால்ல பாதி... அரைக்கால்."

"எட்டுல ஒண்ணு."

"அடிப்பாவி! இதையா அந்த ஆளு தலையில குட்டி மூணு போட்டுக் கேட்டாரு? நான் தினமும் செய்யிறதாச்சே!"

அதற்குப் பிறகு பத்து நாள், மதியம் அரைமணி நேரம். மூன்றில் இரண்டுக்கு அடுக்கு இரண்டு என்றால் ஒன்பதில் நாலு. நாலில் மூன்றுக்கு அடுக்கு மூன்று என்றால் அறுபத்து நாலில் இருபத்தேழு. அவள் ஒரு தடவை பிடித்துக்கொண்டால் விடமாட்டாள். எந்த எண்ணுக்கும் அடுக்கு பூஜ்யம் என்றால் விடை ஏன் ஒன்று என்று கேட்டாள். நான் காலேஜில் மனப்பாடம் செய்ததுதான், காரணம் தெரியாது. அவளே சொன்னாள். "ஒரு டியூப்கூடத் தாண்டலைன்னா அசல் அப்படியே முழுசா இருக்குல்ல? முழுசுன்னா ஒண்ணுதானே." எனக்குச் சுருக்கென்றது. நான் சொல்லிக் கொடுக்கிறவள், அவள் கற்றுக்கொள்கிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்றாள். "கெழவி ஏழாங்கிளாஸ் படிக்கிறான்னு அதுக்கும் ஒரு சிரிப்பு சிரிப்பாங்க." நான் சொல்லவில்லை. அவள் கேட்டு நான் காப்பாற்றிய ஒரே வாக்கு அது.

மூன்று மாதம் கழித்துப் புது சார் முறையை மாற்றினார். இனிமேல் அகரை முதலிலேயே தட்டில் ஊற்றி உறைய விட வேண்டும். அதன்மேல் மூன்றாவது குழாயிலிருந்து ஒரு மில்லி இல்லை, அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் விட்டுக் கண்ணாடிக் குச்சியால் தடவ வேண்டும். நல்ல முறைதான். ஆனால் ஃபாரத்தை யாரும் மாற்றவில்லை. அதில் பழைய பத்து, பழைய குட்டி மூன்று. அக்கா ஃபாரத்தில் இருந்தபடி ஆயிரத்தால் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

எண்ணிக்கை ஒரேயடியாகக் குறைந்தது. இருபதாயிரம் வந்த இடத்தில் இரண்டாயிரம். புது சாருக்குத் தலைகால் புரியவில்லை. "நான் வந்ததும் சுத்தம் பத்து மடங்கு கூடியிருக்கு" என்று கலர் கலராக வரைபடம் போட்டுத் தலைமை அலுவலகத்தில் காட்டிக் கைதட்டல் வாங்கி வந்தார். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு அறையில் மாட்டினார்.

பிறகு ஒரு நாள் ஒரு தட்டில் முப்பத்திரண்டு புள்ளி நின்றது. அத்தனை நாளும் இரண்டும் மூன்றுமாகப் பார்த்துப் பழகிய அக்கா அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு குழாய்களைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள், விரல் விட்டு எண்ணினாள். என்னிடம் வந்தாள்.

"ஏய், மூணு டியூப்பு தாண்டி, தட்டுல விடும்போது இன்னொரு தடவை பத்துல ஒண்ணு ஆவுதே. அப்ப நாலு டியூப்பு கணக்குல்ல? குட்டி மூணு இல்ல, குட்டி நாலு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சொன்னது சரி. முப்பத்திரண்டாயிரம் என்றால் பவுடர் தேறும், எங்கள் எல்லை நாற்பதாயிரம். மூன்று லட்சத்து இருபதாயிரம் என்றால் மொத்தத்தையும் கொட்ட வேண்டும். அக்கா ஃபாரத்தில் அச்சான மூன்றை அடித்து நாலு என்று திருத்தி, மூன்று லட்சத்து இருபதாயிரம் என்று எழுதி எடுத்துக்கொண்டு புது சார் அறைக்குப் போனாள். கொழுப்புக் கணக்கு கொடுக்க நானும் பின்னால் போனேன்.

அவர் தாளைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார். அக்கா சொல்வது சரியென்றால் அந்தப் படம் பொய், அந்தக் கைதட்டல் பொய். அது அவருக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஆறில் ஒண்ணு எனக்கு அடுக்கு சொல்லிக் குடுக்குதா?" என்றார். என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவ, நீ சொல்லு. ஃபாரத்துல என்ன இருக்கு?"

அந்த மேஜையின் மேல் நிரந்தர இடத்துக்கான கோப்பு கிடந்தது. அதன் முனை என் கண்ணில் பட்டது.

"பத்துக்கு அடுக்கு மூணுதான் சார் இருக்கு" என்றேன். அது பொய்யில்லை. ஃபாரத்தில் அதுதான் இருந்தது.

அவர் அக்காவின் தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டு, புது ஃபாரம் ஒன்றை நீட்டினார். "ஒழுங்கா எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்க ஃபைல் என்கிட்டதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்." அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் முப்பத்திரண்டாயிரம் என்று எழுதினாள். எழுதியது தப்புதான், நான் பூசி மெழுகவில்லை. முப்பத்தாறு படி ஏறுகிறவளின் தப்பு அது.

அந்தப் பவுடர் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் போனது. நாற்பத்தொரு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை. ஆனால் ஒரு வாரம் அக்கா ஒரு வாய் சாப்பிடவில்லை, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று நின்று வந்தாள். நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். புது சார் முந்திக்கொண்டார். "முறை மாறினப்பவே இன்னொரு பத்தால பெருக்கணும்னு வாயால சொல்லிட்டேன் சார். ஃபாரம் அச்சாகி வரணும், அதுவரைக்கும் கவனமா இருங்கன்னேன். இவங்களுக்கு அடுக்குன்னா என்னன்னே தெரியலை. அந்தத் தப்புக் கணக்கை நம்பி நானே படம் போட்டு ஏமாந்துட்டேன்." பத்திரமாக வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஆறில் ஒன்று, கீழே அக்காவின் கையெழுத்து.

அக்கா சொன்னாள், "நான் அன்னைக்கே திருத்தி எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தேன் சார். இவர்தான் கிழிச்சுப் போட்டாரு."

நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் கெட்டவர் இல்லை. நியாயமாகத்தான் கேட்டார். "அம்மா, பாதிக்கு அடுக்கு மூணு எவ்வளவு?"

"அரைக்கால் சார். எட்டுல ஒண்ணு." தயங்காமல் சொன்னாள்.

"மூணுல ரெண்டுக்கு அடுக்கு நாலு?"

"எண்பத்தொண்ணுல பதினாறு."

அவர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாத்தான் தெரியுது. ஆனா இந்தத் தாள்ல தெரியலை. நடுவுல எப்பவோ கத்துக்கிட்டிருக்கீங்க. தப்பு நடக்கிறதுக்கு முன்னாடியே கத்துக்கிட்டிருந்தா, நீங்க திருத்தினதா சொல்றதை நான் நம்பறேன். விசாரணைன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் படிச்சதுன்னா, அது வேற. எப்பக் கத்துக்கிட்டீங்க?"

அக்காவின் முகம் மலர்ந்தது. அந்த நாலு வருஷத்தில் அவள் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. "தப்பு நடக்கிறதுக்கு மூணு மாசத்துக்கும் மேல முன்னாடியே சார். இவதான் சொல்லிக் குடுத்தா. டியூப் கழுவுற ரூம்ல, பத்து நாளு. கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புது சாரும் பார்த்தார். அவர் மிரட்டவில்லை, சும்மா பேனாவை மூடி, திறந்து, மூடினார். நான் உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அந்த அறையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றவள் யார் என்ற கேள்வியும் வரும். ஒரே ஒரு நிரந்தர இடம். இரண்டு பேர். இதெல்லாம் அப்போது யோசித்தேனா என்று கேட்டால், ஆமாம், யோசித்தேன். நன்றாகவே நேரம் இருந்தது.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

அக்கா கழுவும்போது கை தவறிக் குழாய் உடைந்தால் ஒரு நிமிஷம் தரையைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பெரியவர் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். அவள் சரியாகச் சொன்ன விடையே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. தப்பாகச் சொல்லியிருந்தால் படிக்காதவள் என்று பாவம் பார்த்துக் குழாய் கழுவவாவது விட்டிருப்பார்கள். இப்போது பொய் சொன்னவள் என்று வெளியே அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் தன் பொருள்களை எடுக்க வந்தாள். ஒரு பழைய குவளை, ஒரு ஜோடி ரப்பர் கையுறை, அந்த ஏழாம் வகுப்புப் புத்தகம். புத்தகத்தை எடுத்தவள் என் மேஜைக்கு வந்து நின்றாள். அறையில் எல்லோரும் இருந்தார்கள்.

"பாதிக்கு அடுக்கு மூணு எவ்வளவுடி?" என்றாள்.

நான் தலை நிமிரவில்லை. "எட்டுல ஒண்ணு."

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஸ்கூல்ல... கணக்கு டீச்சர்."

"எத்தனை வருஷம் இருக்கும்?"

"பத்துப் பன்னெண்டு இருக்கும்."

"அவங்களை ஞாபகம் இருக்கா?"

என் வாய் என்னையும் மீறி, "இருக்கு" என்றது.

"இருக்கும்" என்றாள் அக்கா. "சொல்லிக் குடுத்தவங்களை மறக்க முடியாதுடி." புத்தகத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வாசலில் காவலாளி வழக்கம்போல நோட்டைத் திறந்து, அவள் வெளியே போன நேரத்தை எழுதி, பக்கத்தில் ஆ.ஒ. என்று போட்டார்.

அடுத்த மாதம் ஃபாரம் புதிதாக அச்சாகி வந்தது. குட்டி நாலு. கிருமி எண்ணுகிற மேஜை இப்போது என்னுடையது, நிரந்தரம். குடியிருப்பில் இரண்டு அறை வீடு, குழாய் உள்ளேயே இருக்கிறது. திறந்தால் தண்ணீர் நன்றாக வருகிறது. அந்தக் கணக்குப் புத்தகத்தை இதுவரை நான் பிரித்துப் பார்க்கவில்லை.